நான்கு நாள் லைன் கிளியரன்ஸ்

என் வேலை, வருகிற பொருளை வேண்டாம் என்று சொல்வது. ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், சரக்கு இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. சின்னச் சின்ன சப்ளையர்கள் செய்து அனுப்பும் பிராக்கெட், புஷ், போல்ட் எல்லாம் முதலில் அந்த மேசைக்குத்தான் வரவேண்டும். பெட்டியைப் பிரித்து, கைக்கு வந்த ஐந்து பீஸை எடுத்து, டிராயிங்கைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வெர்னியர் அளவுகோலில் அளப்பேன். சரியாக இருந்தால் பெட்டிக்குப் பச்சை டேக், சந்தேகம் என்று ஹோல்டில் நிறுத்திவைத்தால் மஞ்சள், தப்பு என்றால் சிவப்பு. இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். நான் சிவப்பு டேக் கட்டுகிற அழகைப் பற்றி சப்ளையர்களின் வண்டி டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பாராட்டிப் பேசுவதாக நான் நினைத்துக்கொள்வதில்லை.

வேலைக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி வாங்கி வரும் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பால் பாக்கெட்டின் ஓரம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். சம்பந்தம் பேச வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிள் கூடையில் அடியில் இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்து, அது அழுகியிருக்கிறது என்று அவர்கள் எதிரிலேயே சொன்னவன் நான். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. பிறகு என் மகளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது, ஆனால் அந்த ஆப்பிளை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

என் மனைவி மண்ணூர்க்காரி. இருங்காட்டுக்கோட்டையில் வயரிங் செய்கிற ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் அசெம்பிளி லைனில் நின்றவள். அதனால் கம்பெனி பாஷையில் அவளை ஏமாற்ற முடியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் அதே பாஷையில் இரண்டு சொல்வாள்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கால் எரிய ஆரம்பித்தது. சர்க்கரை பத்து வருடமாக உடம்பில் இருக்கிறது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு பாதம் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் ஆனது. போர்வை மேலே பட்டால்கூட உயிர் போகும். ஒருநாள் என் மனைவி தெரியாமல் பாதத்தைத் தொட்டுவிட்டாள். நான் போட்ட கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அதற்குப் பிறகு அவள் கட்டிலில் என் காலுக்கு ஒரு முழம் தள்ளியே உட்காருவாள்.

எங்கள் ஊர் சர்ச்சுக்குள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே கிரானைட் தரை. காலை ஆறு மணிக்கு அந்தத் தரையில் பாதத்தை வைத்தால் சில்லென்று சொர்க்கமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கே சாக்குச் சொல்கிறவன் தினமும் காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். எல்லோரும் உட்கார்ந்தாலும் நான் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பேன். என் பக்தியைப் பார்த்து ஃபாதர் உருகிவிட்டார். பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் என்னை உதாரணமாகவே சொன்னாராம். அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் இவ்வளவோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். ஆனால் எங்கள் கம்பெனியில் மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குள் கால் வைக்கவேண்டுமானால் சேஃப்டி ஷூ போட்டிருக்க வேண்டும். முன்பக்கம் இரும்பு வைத்த கறுப்பு ஷூ. வாசலில் செக்யூரிட்டி முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார். அந்த இரும்புக்குள் என் பாதத்தை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது என்பது அடுப்புக்குள் நிற்பதுதான். சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒருநாள் ஷூவைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிட்டு, சாக்ஸோடு நின்று வேலை பார்த்தேன். சேஃப்டி ஆபீசர் பார்த்துவிட்டார். என் மகள் வயதுப் பெண். சத்தம் போடவில்லை. "சார், இங்க ஒரு போல்ட் விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டார். மேசைக்கடியிலிருந்து ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதனால்தான் அவர் சொன்னது இன்னும் வலித்தது. "ஒரு மாசம் ஆபீஸ் பில்டிங்ல ரெக்கார்டு ரூம்ல உக்காருங்க, செருப்புலயே வரலாம். நல்லாப் பாத்துக்குங்க. மாசக் கடைசியில ஷூ போட்டு ஒரு ஷிஃப்ட் முழுசா நிக்க முடிஞ்சா மேசை உங்களுக்குத்தான். முடியலன்னா அந்த மேசைக்கு வேற ஆளைப் போட்டுடறேன், நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் ரெக்கார்டு ரூம்ல இருங்க. சம்பளத்துல எதுவும் குறையாது."

சம்பளம் குறையாதுதான். ரெக்கார்டு ரூமில் என்ன இருக்கிறது? பழைய ஃபைல், ஒரு ஃபேன், ஜன்னலுக்கு வெளியே ஏசி மெஷினின் பின்பக்கம். அங்கே எந்தப் பெட்டியும் வராது, யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள். முதல் நாள் அங்கே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மேசை இல்லாமல் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று மாலையே மனைவி என்னை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயதான அம்மா, கண்டிப்பானவர். ஒரு சின்னக் கம்பியால் என் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். சில இடத்தில் தொட்டதே தெரியவில்லை, சில இடத்தில் துள்ளிக் குதித்தேன். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதால் நரம்பு கெட்டிருக்கிறது என்றார். சர்க்கரை மாத்திரையை மாற்றினார். எரிச்சலுக்கு ஒரு கேப்ஸ்யூல் எழுதினார், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சீட்டில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை, மருந்தின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். ப்ரீகாபலின். முதல் சில நாள் தூக்கமாக வரும், அதுவரை பைக் ஓட்டாதே என்றார். வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டால், சொல்லியிருப்பார். நான் அந்த நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த அவருடைய படிப்புச் சான்றிதழைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்த மெடிக்கலில் பேர்போன ஒரு கம்பெனியின் கேப்ஸ்யூலைக் கொடுத்தார்கள். பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு, அட்டையே பளபளவென்று இருந்தது. முதல் வாரம் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஒரகடம் வரும் வரை கண் சொக்கிக்கொண்டே வரும். இரண்டாவது வாரம் தூக்கக் கலக்கம் விலகியது, எரிச்சல் பாதிக்குமேல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து பார்த்தேன். தாங்க முடிந்தது. மொட்டை மாடியிலும் நடந்தேன். லுங்கியும் சேஃப்டி ஷூவுமாக நான் நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "இன்னாண்ணே, வூட்லயும் ஷிஃப்ட் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் கோபமே வரவில்லை.

மாத்திரை தீரும் சமயத்தில்தான் என் மனைவி ஜெனரிக் மருந்துக்கடையைக் கண்டுபிடித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே அதே மருந்து பாதி விலைக்கும் கீழே கிடைத்தது. டாக்டரின் நம்பருக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறாள், அவரும் தாராளமாக வாங்கு என்று சொல்லியிருக்கிறார். வெற்றியோடு வந்து என் முன்னால் ஒரு ஸ்ட்ரிப்பை வைத்தாள்.

நான் அதைக் கையில் எடுத்தேன். அட்டையில் பளபளப்பு இல்லை. கேப்ஸ்யூல் முழுக்க வெள்ளை, ஆரஞ்சு எங்கேயும் இல்லை. செய்த கம்பெனியின் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்து போய் என் சொந்த வெர்னியரை எடுத்து வந்தேன்.

"ஐயோ ஆண்டவரே" என்றாள் மனைவி.

அளந்தேன். நீளத்தில் பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இருந்தாலும் ஒரு மஞ்சள் டேக்கைக் கட்டி ஷெல்ஃபில் வைத்தேன்.

"இன்னாத்துக்கு ஹோல்டு?" என்றாள்.

"கலர் வேற. வெண்டர் வேற."

"வெண்டர் வேறன்னா இன்னா? டிராயிங் ஒண்ணுதானே? உங்க கம்பெனில ஒரே போல்ட்ட ரெண்டு பேரு பண்ணித் தரலயா? எங்க லைன்ல ஒரே கிளிப்பு மூணு வெண்டருகிட்ட இருந்து வந்துகினு இருந்துச்சு. வண்டி ஓடாமயா பூட்ச்சி?"

இரண்டு வெண்டர், ஒரே டிராயிங் என்பதை அவள் என்னிடமே எடுத்து வீசியது சுருக்கென்று இருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சரி, முறைப்படி சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த முறைப்படியில்தான் வந்தது வினை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வெண்டரின் சரக்கிலிருந்து இன்னொரு வெண்டரின் சரக்குக்கு மாறும்போது, லைனில் பழைய பீஸ் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. ட்ரேயைத் தட்டி, பெல்ட்டுக்கடியில் பார்த்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகுதான் புதுச் சரக்கை ஏற்ற வேண்டும். இதற்குப் பெயர் லைன் கிளியரன்ஸ். இரண்டும் கலந்துவிட்டால், நாளைக்குப் புகார் வந்தால் யாருடைய பீஸ் தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. இதைச் செய்யாமல் சரக்கை மாற்றிய ஒரு ஆபரேட்டரிடம் நான் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உடம்பும் ஒரு லைன்தானே என்று எனக்குத் தோன்றியது. பழைய மருந்து உள்ளே இருக்கும்போதே புது மருந்தை ஏற்றினால், எரிச்சல் இறங்கியது எதனால் என்று எப்படித் தெரியும்? அதனால் நான்கு நாள் இரண்டையும் நிறுத்திவிட்டு, உடம்பை முழுக்கக் காலி செய்துகொண்டு, ஐந்தாவது நாள் வெள்ளை கேப்ஸ்யூலை ஆரம்பிப்பது என்று திட்டம் போட்டேன். பழைய ஸ்ட்ரிப்பில் எட்டு மாத்திரை மிச்சம் இருந்தது. அதை ஒரு கவரில் போட்டு, மாஸ்டர் சாம்பிள் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு பீரோவில் வைத்தேன். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அசல் வேண்டுமல்லவா? மனைவி கேட்டபோது, பழையதில் மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டை முடித்துவிட்டுப் புதியதை ஆரம்பிக்கிறேன் என்றேன். அவளும் நம்பிவிட்டாள். டாக்டரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லைனைக் காலி செய்ய யாரும் பெர்மிஷன் கேட்பதில்லை.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. என் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாம் நாள் தூக்கம் போனது. சட்டை தொப்பலாக நனையும் அளவுக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் வயிற்றைப் புரட்டியது, சாப்பாட்டைப் பார்த்தாலே ஆகவில்லை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ரெக்கார்டு ரூம் ஃபேனோடு சண்டை போட்டேன். பால் போடுகிற பெண்ணிடம், பாக்கெட் ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்து, "அக்கா, அண்ணனுக்கு இன்னா ஆச்சு?" என்றாள். நான்காம் நாள் பாதம் பழையபடி எரிந்தது. பழையபடி என்றால் டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின பழையபடி. மொட்டை மாடிக்கு ஷூவோடு ஏறினவன், இரண்டாவது படியிலேயே அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஐந்தாம் நாள் காலை வெள்ளை கேப்ஸ்யூலை ஆரம்பித்தேன். அன்று இரவு ஒன்று, மறுநாள் காலை ஒன்று. மூன்று மாத்திரை. எரிச்சல் துளியும் குறையவில்லை. வியர்வை நிற்கவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மஞ்சள் டேக்கை அவிழ்த்துவிட்டுச் சிவப்பு டேக்கைக் கட்டினேன். காரணம் என்ற இடத்தில், வேலை செய்யவில்லை என்று தெளிவாக எழுதினேன்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்" என்று மனைவியிடம் காட்டினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. கெட்ட மாத்திரையை வாங்கி வந்து என் மேசையைத் தானே பறித்துவிட்டதாக நினைத்துவிட்டாள். "நாந்தாங்க உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டேன்" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஆறுதலாக நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தப்பு சரக்கைப் பிடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாலையில் சிவப்பு டேக் தொங்கும் ஸ்ட்ரிப்போடு ஜெனரிக் கடைக்குப் போனோம். கவுன்ட்டரில் ஒரு இளம்பெண், வெள்ளைக் கோட்டு, பேச்சு திருநெல்வேலிப் பக்கம். டேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், மாலை போட்டுக் கொண்டாந்திருக்கீங்க?" என்றாள்.

"ரிஜெக்ட். உங்க மாத்திரை வேலை செய்யல. திரும்ப எடுத்துக்கங்க" என்றேன், டிரைவர்களிடம் பேசுகிற அதே குரலில்.

அவள் கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். என் நெற்றி வியர்வையையும் நனைந்த சட்டையையும் கவனித்தாள். "இதுக்கு முன்னால வேற கம்பெனி மாத்திரை சாப்பிட்டீங்களா சார்? அத கடைசியா என்னைக்குச் சாப்பிட்டீங்க?"

விவரம் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் சோதனை முறையின் அருமை தெரிந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். லைன் கிளியரன்ஸ் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, மாஸ்டர் சாம்பிள் பீரோவில் பத்திரமாக இருப்பது வரை விளக்கிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது கடையில் சத்தம் குறைந்துகொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. பின்னால் மருந்து வாங்க நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நாலு நாளா ஒண்ணுமே சாப்பிடலையா சார்?" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

"ஒண்ணுகூட இல்ல. சுத்தமா கிளியர்."

"எங்க மாத்திரை எத்தனை சாப்பிட்டிருக்கீங்க?"

"மூணு."

அவள் டேக்கை என் பக்கம் திருப்பி வைத்தாள். "நீங்க ரிஜெக்ட் பண்ணது எங்க மாத்திரைய இல்ல சார். மாத்திரையே இல்லாத அந்த நாலு நாள. இந்த மருந்த டக்குனு நிறுத்தக் கூடாது. நிறுத்துனா இப்படித்தான் வேர்க்கும், தூக்கம் வராது, வலியும் திரும்பிரும். பழைய மாத்திரைதான் நல்லதுன்னு நாலு நாள் கழிச்சு அதையே திரும்ப ஆரம்பிச்சிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"நாலு நாளா?" என்றாள். "பழசத் துன்னு முடிக்கிறேன்னு சொன்னியேய்யா? பீரோல வச்சிகினு கையெழுத்துப் போட்டுகினு இருந்தியா? நான் இன்னாடான்னா என்னாலதான் இப்பிடி ஆயிடுச்சின்னு காலைலேந்து சோறு எறங்காம கெடக்கேன்! உன் லைன்ல எடுத்துக் கொள்ளிய வைக்க!"

எனக்குத் தெரிந்து இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அன்றுதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். மருந்து வாங்க நின்ற பெரியவர் ஒருவர், "விடும்மா, படிச்சவங்க இப்பிடித்தான்" என்று எனக்குப் பரிந்து பேசினார். அது இன்னும் மோசமாக இருந்தது. அந்த மருந்துக்கடைப் பெண் சிரிப்பை அடக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "எப்படித் திரும்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்லக் கூடாது சார். நேரா டாக்டரம்மாகிட்டப் போங்க, இப்பவே" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உன் நரம்பு கன்வேயர் பெல்ட் இல்லப்பா" என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் நிறுத்தாமல் திட்டினார். நிறுத்தக் கூடாது என்று முதல் நாளே சொன்னாராம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை என் மனைவி அவரிடம் போட்டுக்கொடுத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னார். இரண்டு ஸ்ட்ரிப்பிலும் இருக்கிற மருந்து ஒன்று, அளவு ஒன்று. மேலே இருக்கிற கூடும் நிறமும்தான் வேறு. முதலில் இரவில் மட்டும் ஒன்று, மூன்று நாள் கழித்துக் காலையிலும் ஒன்று. நிறுத்துவதோ கூட்டுவதோ அவரைக் கேட்காமல் கிடையாது. ஷூ ஒரு சைஸ் பெரிதாக வாங்கு, உள்ளே மெத்தென்று அட்டை போடு, பருத்தி சாக்ஸ் மாட்டு, தினமும் மாலையில் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார். பத்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டும் எரிந்தால் என்னிடம் வந்து சொல், நீயே தீர்ப்பு எழுதாதே என்றார். மாதக் கடைசிக்குள் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "ஆகலாம். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் சரக்கு, அவள் இன்ஸ்பெக்டர். ஃப்ரிட்ஜில் ஒரு செக் ஷீட் ஒட்டினாள். நிறத்தைச் சோதிக்க விடாமல் மாத்திரையை நேரே என் வாயில் போட்டு, தண்ணீரைக் கொடுத்து, நான் விழுங்கிய பிறகு, "ஆ காட்டுங்க" என்று வாய்க்குள் பார்த்துவிட்டுத்தான் டிக் போடுவாள். மரியாதை திரும்பி வந்துவிட்டது, நம்பிக்கை வரவில்லை. மாஸ்டர் சாம்பிள் கவரைப் பிரித்து, அந்த எட்டையும் முதலில் தீர்க்க வைத்தாள். அது தீர்ந்ததும் அதே வேளையில் வெள்ளை வந்தது. எந்த வேளையில் மாறியது என்று எனக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. செக் ஷீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வியர்வை இரண்டு நாளில் நின்றது. தூக்கம் வந்தது. பால் போடுகிற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். எரிச்சல் மட்டும் அவசரப்படாமல் ஒவ்வொரு படியாக இறங்கியது. கம்பெனி ஸ்டோரில் அகலமான ஷூ கேட்டு வாங்கினேன். மேனேஜர் கொடுத்த கெடு நாளுக்கு முந்தின மாலை அதைப் போட்டு நடந்து பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்கு மேல் மெல்ல எரிய ஆரம்பித்தது. எட்டு மணி நேரம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். செக்யூரிட்டி என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சேஃப்டி ஆபீசர் கூடவே வந்து மேசை வரை நடந்தார். "முடியலன்னா சொல்லுங்க சார், பிடிவாதம் வேண்டாம்" என்றார். எனக்குப் பதிலாக அங்கே உட்கார்ந்திருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். மேசையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். இன்று மாலை இதை விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முதல் அரை மணி நேரம் பெட்டிகளைவிடப் பாதத்தைத்தான் அதிகம் சோதித்துக்கொண்டிருந்தேன். வருகிறதா, வருகிறதா என்று.

அப்போது மறைமலை நகரிலிருந்து ஒரு வண்டி வந்தது. பிராக்கெட். ஐந்து எடுத்தேன். மூன்றில் ஓட்டை சரியான இடத்தில் இல்லை. மறுபடி ஐந்து எடுத்தேன், இரண்டில் இல்லை. டிரைவர் சண்டைக்கு வந்தார். அவர் கம்பெனி சூப்பர்வைசருக்கு போன் போட்டுக் கொடுத்தார். அந்த ஆள் டிராயிங்கே தப்பு என்றார். நான் டிராயிங்கை எடுத்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். மேனேஜர் வந்தார், வாங்கும் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார், பெட்டி பெட்டியாகப் பிரித்து நல்லது தனியாக, கெட்டது தனியாகப் பிரித்துப் போட்டோம். டீ வந்து ஆறிப்போனது. நான் சிவப்பு டேக்கில் காரணம் எழுதிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல. மணி இன்னா?"

"ஒண்ணரை ஆவுது. சொல்லுங்க, எப்பிடி கீது?"

"எது?"

"இன்னாங்க எதுன்றீங்க? காலுங்க! காலு!"

"எந்தக் காலு?" என்றேன், டேக்கில் எழுதிக்கொண்டே.

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், கட்டாகவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்போதுதான் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, குனிந்து என் இரண்டு ஷூவையும் பார்த்தேன்.